பல்லுக்கு விழுந்த சிரச்சேதம்

வெண்ணாவல் சீமையை ஆண்ட வெற்றிவேள் மகாராஜாவுக்குப் புலியைக் கண்டால் பயமில்லை; பகைவன் படையைக் கண்டாலும் பயமில்லை. ஏழு வயது மகள் கோதை உதட்டைப் பிதுக்கினால் போதும், சிம்மாசனமே ஆட்டம் கண்டுவிடும்.

அந்தக் கோதைக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. கன்னம் பணியாரமாக வீங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை. குழந்தை அழ, மகாராஜா வெகுண்டு எழுந்து ஓர் ஆணை போட்டார்: "என் மகளை அழவைப்பவன் எவனாக இருந்தாலும் அவன் தலையை வாங்கிவிடுங்கள்!"

அவ்வளவுதான். குறடோடு வந்துகொண்டிருந்த அரண்மனை வைத்தியர் மங்கைபாகர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். பல்லைத் தொட்டால் குழந்தை அழும். அழுதால் தலை போகும். யார் தொடுவார்?

இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர் பிரதானி திருமேனியார். சபையில் எல்லாரையும் சிரிக்கவைக்கும் ஆவுடையப்பனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. குரலில் வெல்லம் தடவிக்கொண்டு சொன்னார்:

"மகாராஜா, நம் ஆவுடையப்பன் இருக்கக் கவலை எதற்கு? எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர் ஆயிற்றே! பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்களேன்."

"சரியாகச் சொன்னீர்!" என்றார் மகாராஜா. "ஆவுடையப்பா, இன்று பொழுது சாய்வதற்குள் என் மகளின் வலி போக வேண்டும். இல்லையென்றால் உன் தலை உன்னுடையதில்லை!"

ஆவுடையப்பன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாள் கூடவே இருந்த கழுத்து. திடீரென்று அதன்மேல் ஒரு பாசம் வந்தது. மகாராஜாவின் மடியில் விசும்பிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்ததும் அந்தப் பயம் கொஞ்சம் விலகியது. பாவம், வாயைக்கூட மூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அருகில் போய்க் குனிந்தார். "இளவரசி, உங்களை அழவைத்தது யார்? பயப்படாமல் சொல்லுங்கள்."

கோதை வாய்க்குள் விரலை விட்டுக் காட்டினாள். "இதோ, இவன்தான்!"

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். "மகாராஜா, குற்றவாளி அகப்பட்டுவிட்டான். தங்கள் ஆணைப்படி அவன் தலையை வாங்க வேண்டும்."

"என்ன உளறல்!" என்று சீறினார் பிரதானி. "பல்லுக்கு ஏது தலை?"

"ஏன் இல்லை? ஈறுக்கு வெளியே தெரிவது தலை, உள்ளே இருப்பது வேர். எவனாக இருந்தாலும் என்பது மகாராஜாவின் வாக்கு. பல்லுக்கு மட்டும் விலக்கு என்று அதில் இல்லையே!"

மகாராஜா தாடியைச் சொறிந்தார். "அது பால் பல்தானே? தானாக விழட்டுமே."

ஆணையின் பொருள் மாறியதும், வாசலோரம் ஒளிந்து நின்ற வைத்தியருக்கு நாக்கு திரும்ப வந்தது; உள்ளே வந்தார். "கடைவாய்ப் பல் விழ இன்னும் சில வருஷம் ஆகும் மகாராஜா. அதுவரை விட்டால் சீழ் பிடித்து, அடியில் காத்திருக்கும் புதுப் பல்லையும் கெடுத்துவிடும்."

கோதைக்கு மனம் கேட்கவில்லை. "அவன் திருந்த மாட்டானா?"

"கறுப்புப் புள்ளியாக இருந்தபோதே காட்டியிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து அடைத்திருப்பேன் தாயே. இப்போது வேர்வரை போய்விட்டது."

"வழக்குக் கொடுத்தவர் நீங்கள். தீர்ப்பும் நீங்களே சொல்லுங்கள்" என்றார் ஆவுடையப்பன். "அரசர்கள் சொல்வதுபோல, 'ஆகட்டும்' என்று நன்றாக இழுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் குற்றவாளியைக் கொஞ்சம் மயக்கிவிடுவோம்."

வைத்தியர் கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து ஈறில் வைத்தார். சற்று நேரத்தில் அந்த இடம் மரத்துப்போனது. கோதை அப்பாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு மகாராணி வந்து அமர்ந்துகொண்டாள்.

"ஆஆஆ…"

'கட்டும்' வருவதற்குள் பல் வைத்தியரின் குறட்டுக்கு வந்துவிட்டது!

குழந்தையின் கண்ணோரம் ஒரு துளி உருண்டது. பிரதானி துள்ளிக் குதித்தார். "கண்ணீர்! கண்ணீர்! தலையை வாங்குங்கள்!"

"நான் ஒண்ணும் அழல" என்றாள் கோதை, பஞ்சைக் கடித்தபடி. "போகும்போது அவன் கிள்ளிட்டுப் போனான்."

சபை கொல்லென்று சிரித்தது. மகாராஜாவுக்குப் போன உயிர் திரும்பியது. "ஆவுடையப்பா, என்ன வேண்டுமோ கேள்!"

"இளவரசியின் சொத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள் மகாராஜா."

சபை திகைத்தது. மகாராஜாவின் புருவம் ஏறியது. பிரதானிக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பார்த்தீர்களா பேராசையை! குழந்தை பேரில் எழுதிவைத்த ஊர்களெல்லாம் இவனுக்கு வேண்டுமாம்!"

கோதை மட்டும் வைத்தியரிடம் போய் எதையோ வாங்கி வந்து நீட்டினாள். "இந்தாங்க மாமா, என் சொத்தை. எனக்கு வேண்டாம்."

உள்ளங்கையில் அந்தக் கறுத்த பல்! மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதை வைத்துக்கொண்டு என்னய்யா செய்யப்போகிறாய்?"

"தலை போனவனைக் கோட்டை வாசலில் மாட்டுவது வழக்கம். நான் இவனைப் பலகார அறை வாசலில் மாட்டுவேன். இவனுக்குத் தினமும் அதிரசமும் பனங்கற்கண்டும் ஊட்டி வளர்த்தவர் ஒருவர் இருக்கிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்த்துத் திருந்தட்டும்."

"உடந்தை வேறா?" மகாராஜா கர்ஜித்தார். "யாரவன்? பிடித்து வா அவனை!"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். வைத்தியர் கூரையைப் பார்த்தார். கோதைதான் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா… நீங்கதான்!"

மகாராஜா பல்லைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் தூணில் இருந்த புறாக்கள் பறந்தன. தம் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டார். தப்பித்த கழுத்து அல்லவா, மாலை எடுப்பாகத்தான் இருந்தது.

அன்று முதல் அரண்மனையில் இனிப்புத் தின்றால் அப்பாவும் மகளும் உடனே வாய் கொப்பளித்தாக வேண்டும் என்று புது ஆணை வந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நிற்கும் உத்தியோகம் பிரதானி திருமேனியாருக்குக் கிடைத்தது.