சிரிப்பு தேய்ந்த பொத்தான்

ரொம்பப் பழைய காலத்தில் அல்ல, ஆளுக்கொரு கைப்பேசியோடு நாம் திரிகிற இந்தக் காலத்தில்தான், கூத்தங்குளம் காவல் நிலையத்துக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. அதில் மூன்று பொத்தான்கள். பச்சைக்குச் சிரித்த முகம், சிவப்புக்குக் கோபித்துக்கொண்ட முகம். நடுவில் இருந்த மஞ்சள் எதிலும் பட்டுக்கொள்ளாத முகம். நிலையத்துக்கு வந்தவர்கள், போலீஸ்காரர்கள் தங்களை எப்படி நடத்தினார்கள் என்பதை ஒரு பொத்தானை அமுக்கிச் சொல்லலாம். கணக்கு நேராக மாவட்டத் தலைமையகத்துக்குப் போய்விடும்.

பெட்டியைச் செய்த ஆட்கள் இனிப்புக் கடைகளுக்கும் இதையேதான் செய்து கொடுப்பவர்கள். அதனால் எதை அமுக்கினாலும், "நன்றி, மீண்டும் வருக!" என்று ஒரு குரல் கொஞ்சும். காவல் நிலையத்தில் அதைக் கேட்ட ஜனங்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்கள்.

ஏட்டு நாகமாணிக்கம் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாசலில் இருந்ததைத் தூக்கித் தன் மேசையோரம் வைத்தார். பக்கத்தில் லத்தியைச் சாய்த்து வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை, பாவம்.

"நான் சும்மாதான் நிக்கிறேன். யாரும் பயப்பட வேணாம்" என்றது லத்தி.

செவ்வந்தி என்று ஒரு பெண். அவளுடைய இட்லி தள்ளுவண்டியை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வண்டி இல்லாட்டி வீட்டுல அடுப்பே எரியாதுங்கய்யா. புகாரையாவது எழுதிக்கோங்க" என்று கெஞ்சினாள்.

"காணாமப் போனத நான் எங்கம்மா போய்த் தேடுறது? நாளைக்கு வா" என்றார் ஏட்டு. அவள் வந்த ஒவ்வொரு நாளும் அவர் சொன்னது இதைத்தான்.

வெளியே போகும்போது அவள் விரல் சிவப்பை நோக்கிப் போனது. கண் லத்தியைப் பார்த்தது. விரல் அப்படியே நகர்ந்து பச்சையை அமுக்கியது.

"நன்றி, மீண்டும் வருக!"

"அதான் தினம் வர்றேனே" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

வந்தவர்கள் அமுக்கியது ஏட்டுக்குப் போதவில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் சாய்வார். எழுந்திருக்கச் சோம்பல். உட்கார்ந்த இடத்திலிருந்தே லத்தியை நீட்டிப் பச்சையில் குத்துவார். நன்றி, மீண்டும் வருக. இன்னொரு குத்து. நன்றி, மீண்டும் வருக. கண் சொக்கும் வரை நடக்கும்.

"இந்த ஊர்லயே என்னைப்போலப் பாராட்டுறவன் எவனும் கிடையாது" என்று லத்தி நெஞ்சை நிமிர்த்தியது.

பச்சைக்கு அழுகை வந்தது. "வலிக்குதுடி. சிரிச்ச வாயெல்லாம் தேஞ்சு போச்சு."

சிவப்புக்குக் குறும்பு அதிகம். ஒரு விரல்கூடப் படாமல் பளபளவென்று இருந்ததால் யோசிக்க நேரமும் நிறைய இருந்தது. "அக்கா, கொஞ்சம் பொறுத்துக்க. ஒரு குத்தைக்கூட விடாம கணக்குல ஏத்து. நன்றியை இன்னும் இனிக்க இனிக்கச் சொல்லு. மனுசன் நிறுத்தவே மாட்டார், பாரேன்."

"எனக்கு எப்படி நடந்தாலும் சரி" என்றது மஞ்சள்.

பச்சை பல்லைக் கடித்துக்கொண்டு இனித்தது. ஏட்டு நிறுத்தவே இல்லை.

மாதக் கடைசியில் மாவட்ட அதிகாரி அம்மா நேரில் வருவதாகத் தகவல் வந்தது. பாராட்டுக் கேடயம் கொடுக்கத்தான் என்று ஏட்டு முடிவே கட்டிவிட்டார். விறைப்பாகத் தேய்த்த சட்டையோடு வந்து, சந்தோஷத்தில் பச்சைக்குப் பலமாக ஒரு குத்து விட்டார். உள்ளே ஏதோ மளுக்கென்றது. நன்றி வரவில்லை. வாசலில் ஜீப் வந்து நின்றதால் அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஏட்டய்யா, இந்த ஊர்ல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரு ஒன்பதாயிரம் இருக்கும்மா."

"பதினோராயிரம் பேர் சந்தோஷமாத் திரும்பிப் போயிருக்காங்களே?"

ஏட்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பக்கத்து ஊர்லேருந்தும் ஆசையா வர்றாங்கம்மா."

அதிகாரி குனிந்து பச்சையைப் பார்த்தார். சிரிப்பைக் காணோம். சிரிப்பு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி. லத்தியை எடுத்து அதன் பூண் முனையைக் குழியில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. வாழ்நாளில் முதல் தடவையாக லத்திக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளத் தோன்றியது.

பெஞ்சில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். "நீங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார்.

அவள் முதலில் லத்தி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள். "நாளைக்கு வரச் சொன்னாங்கம்மா. தினம் வர்றேன். அந்த நாளைக்கு மட்டும் வரவே மாட்டேங்குது."

அதிகாரி ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். பெட்டி வாசலுக்குப் போனது, லத்தி பின்னறைக்குப் போனது. புகார் அப்போதே பதிவானது.

ஏட்டு முதலில் பயத்தில்தான் தேடக் கிளம்பினார். போகப் போக அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. சந்தை சந்தையாக அலைந்து, பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில், நீலச் சாயம் பூசிக்கொண்டு பானிபூரி விற்றுக்கொண்டிருந்த வண்டியைக் கண்டுபிடித்தார். திருடனையும் பிடித்தார். வெயிலில் சட்டை தொப்பலாக நனைய, வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

செவ்வந்தி வண்டியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்து அழுதாள். பிறகு யாரும் சொல்லாமலே பெட்டியிடம் போனாள். இந்தத் தடவை கண் எங்கேயும் அலையவில்லை. விரல் நேரே பச்சைக்குப் போனது. ஏட்டு சுவர்க் காலண்டரைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சத்தமே இல்லை.

"நல்லா அமுக்கும்மா!" ஏட்டு காலண்டரை மறந்து ஓடி வந்தார்.

"நல்லாத்தான்யா அமுக்குறேன்."

"அக்கா, ஒரே ஒரு தடவை சொல்லிடு!" என்று சிவப்பு கதறியது. மஞ்சளுக்கே மனசு கேட்கவில்லை. பச்சைக்குச் சொல்ல வாய் இல்லை.

அன்று தலைமையகத்துக்குப் போன கணக்கில், கூத்தங்குளம் காவல் நிலையத்துக்கு ஒரு பாராட்டுகூட இல்லை.