பழைய தளத்தில் வியாழக்கிழமை

மலையடிவாரத்து ஆசிரமத்தில், நிறைமதி அம்மையின் சீடன் பரஞ்சோதிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஆசிரமத்துக்குப் புது இணையதளம் செய்து தருகிறேன் என்று தானாகவே போய்த் தலையைக் கொடுத்திருந்தான்.

இணையத்தில் தளம் கட்டித் தரும் ஒரு சேவையில் வடிவம் அழகாக இருந்தது, படம் ஏறவில்லை. இன்னொன்றில் படம் பறந்தது, தமிழ் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடந்தது. இலவசம் என்று கூப்பிட்ட ஒன்று, பாதி வேலை முடிந்ததும் கார்டு நம்பரைக் கேட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரித் தளம் செய்து பார்த்தான். எதிலும் மனம் ஒட்டவில்லை.

போதாக்குறைக்கு அறங்காவலர்கள் வேறு. ஒருவருக்குத் தாமரை சுழல வேண்டும், இன்னொருவருக்குத் திறந்ததும் மணி ஒலிக்க வேண்டும்.

ஒரு நாள் காலை அம்மையிடம் போய்க் கொட்டித் தீர்த்தான்.

"எதைத் தொட்டாலும் ஒரு நொட்டைம்மா. எதை எடுக்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"நம்ம ஆசிரமத்துக்கு வலிப்பு டாக்டர் வர்ற நாள் வியாழன்லேருந்து செவ்வாய்க்கு மாறிடுச்சே, தளத்துல போட்டியா?"

"செஞ்சு பாத்த எல்லாத்துலயும் போட்டாச்சும்மா."

"ஜனங்க பாக்கறதுல?"

"அது பழைய தளம். அதைத்தான் தூக்கிப் போடப் போறோமே! அதுல எதுக்குப் போய்க் கைவைக்கணும்?"

அம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் பொறுமை போய்விட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னிக்கு வியாழன். வாசல்ல போய் உக்காரு. இன்னிக்கு நீதான் நம்ம இணையதளம். வர்றவங்களுக்குப் பதில் சொல்லு."

இது என்னடா வம்பு என்று முணுமுணுத்தபடி போய் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. மலைமேல் ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் ஆறேழு வயதுப் பையன் துவண்டு கிடந்தான்.

"டாக்டரு வந்துட்டாருங்களா?"

"இன்னிக்கு வர மாட்டாரும்மா. செவ்வாய்க்கு மாத்தியாச்சு."

"வியாழக்கெழமைன்னுதானுங்க உங்க ஆசிரமத்துலயே போட்டிருக்குது?" அவள் போனைத் திறந்து நீட்டினாள். பழைய தளம். தூக்கிப் போடப் போகிற தளம். "மாத்திரை நேத்தோட தீந்து போச்சுங்க. ராத்திரி ரெண்டு தடவ வலிப்பு வந்துருச்சு. பஸ்ஸு வர்லீன்னு முட்டக்கோசு லாரில ஏறி வந்தனுங்க. இப்ப நான் என்னங்க பண்றது?"

பரஞ்சோதி எழுந்தான். ஓடிப்போய் அம்மையிடம் சொன்னான். அம்மை ஆசிரமத்து ஜீப்பில் தாயையும் பிள்ளையையும் ஏற்றி, டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

ஜீப் கிளம்பிய புழுதி அடங்குமுன் பரஞ்சோதி அறைக்குப் போய்ப் பழைய தளத்தைத் திறந்தான். வியாழனை அழித்தான். செவ்வாய் என்று அடித்தான். காலையில் ஊற்றி வைத்த டீயைக் குடித்திருந்தால்கூட இதைவிட அதிக நேரம் பிடித்திருக்கும். வெட்கமாக இருந்தது.

அம்மையிடம் திரும்பி வந்தவன் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டால்தானே?

"பழசுல மாத்திட்டேம்மா. ஆனா புதுசுக்கு எதைத்தான் எடுக்கறது?"

"அந்தப் பொண்ணு எதுல வந்தா?"

"முட்டைக்கோஸ் லாரியிலம்மா."

"ஏன்? கொஞ்சம் பொறுத்து நல்ல பஸ்ஸாப் பாத்து வந்திருக்கலாமே?"

"எப்படிம்மா பொறுப்பாங்க? கையில புள்ள இருந்துச்சே!"

அம்மை அவனையே பார்த்தார்.

"உன் கையில என்னப்பா இருந்துச்சு?"