கல்தொட்டியின் ஊதாப்பூ

நொச்சியாற்றில் ஆகாயத்தாமரை மறுபடியும் வந்துவிட்டது. ஆசிரமப் படித்துறைக்குக் கீழே, போன வாரம் சுத்தம் செய்த அதே இடத்தில்.

அர்த்தநாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் தன்னைவிட இளையவரான வடிவாம்பாள் அம்மாவிடம் சீடராகச் சேர்ந்தவர். கறுப்பு கோட்டைக் கழற்றினாரே தவிர, சந்தேகத்தைக் கழற்றவில்லை.

முந்தைய நாள் மதியம், செடி அகற்ற வரும் நாட்களில் ஆசிரமத்திலேயே சாப்பிடும் பரிசல்காரர் பொங்கியண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது, அர்த்தநாரி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"மத்தியானச் சோறு நின்னு போகக் கூடாதுன்னு நீயேதான் செடியைக் கொண்டாந்து விடறயா?"

பொங்கியண்ணன் பாதிச் சோற்றில் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். பரிசலும் அவரோடு போயிற்று. பரிசல் இல்லாமல் நடு ஆற்றுக்குப் போக வழியில்லை. ஆடியில் தண்ணீர் திறப்பதற்குள் செடியை அகற்றாவிட்டால் கடைமடை வயல்களுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது.

"போனது போகட்டுங்கம்மா. ஆளை மட்டும் கையும் களவுமாப் பிடிக்கோணும்" என்றார் அர்த்தநாரி.

"படித்துறையில நில்லுங்க. தண்ணியில கண்ணை வெச்சுக்கிட்டு" என்றார் அம்மா.

நின்றார். துணி துவைக்க வந்தவளின் கூடையை எட்டிப் பார்த்தார். வாத்து மேய்க்கிறவரிடம் எந்த ஊர், எதற்கு இந்தப் பக்கம் என்று துருவினார். இருவரும் முகம் சுளித்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

சற்று நேரத்தில் ஓரத்துத் தண்ணீர் சிவந்தது. படித்துறைக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து அந்தச் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு விரல் நீளத்துக்கு ஒரு செடித்துண்டு, இரண்டு இலையோடு, ஆடி ஆடி வந்து ஆற்றில் சேர்ந்தது.

பிடித்தாயிற்று என்று அர்த்தநாரிக்கு ஒரே குதூகலம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலோடு மேலே ஓடினார். வாய்க்கால் ஆசிரமத்து வேலியைத் தாண்டியது. நந்தவனத்தைச் சுற்றியது. பூஜை அறைக்குப் பின்னால் கல்தொட்டியில் போய் முடிந்தது.

தொட்டிக்கு அருகே அம்மா நின்றிருந்தார். புடவைக்குச் சாயம் போட வைத்திருந்த காவிப்பொடி டப்பா அவர் கையில் காலியாக இருந்தது. தொட்டி நிறையச் சிவப்புத் தண்ணீர். அதன்மேல் ஆகாயத்தாமரை ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இவ்வளவு அழகான பூவை எறிய மனம் வராமல், பூஜைக்கு ஆகுமே என்று மூன்று மாதம் முன்பு ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட்டவர் அர்த்தநாரிதான். தினமும் காலையில் தொட்டி வழிய வழியத் தண்ணீர் விடுகிறவரும் அவர்தான்.

"ஆள் கிடைச்சாரா?"

அர்த்தநாரிக்கு வெட்கத்தில் காது சுட்டது. குனிந்து செடிகளை வேரோடு அள்ளித் தரையில் போட்டார். நிமிர்ந்தபோது அம்மா ஒரு தூக்குவாளியை நீட்டினார்.

"பொங்கியண்ணனுக்குச் சோறு. ஆறிப்போறதுக்குள்ள அவர் வீட்டுக்குக் கொண்டு போங்க."

அர்த்தநாரி வாங்கிக்கொண்டு வேலிவரை நடந்தார். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நான் அனுப்பிச்சதாச் சொல்லாதீங்க."