ஊற்றுத்தடம் வளைந்த விதம்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், செங்கரட்டு அடிவாரத்தில் பதினோரு குடும்பங்கள் வந்து இறங்கின. ஊர் அமைக்குமுன் அவர்கள் ஒரு முறையைக் கடைப்பிடித்தார்கள். ஒருத்தி ஊற்றிலிருந்து நிறைகுடத்தைத் தலையில் ஏந்தி, ஊருக்கென்று நட்ட முதற்கல் வரை நேராக நடந்து வரவேண்டும். அவள் நடந்த கோடே ஊருக்குத் தடம். தண்ணீர் சிந்தினால் அந்த மண் அவர்களை ஏற்கவில்லை என்று பொருள், மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

தலைவர் காத்தானின் மருமகள் காயாம்பூ குடம் எடுத்தாள். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. முந்தைய ஊரை விட்டுக் கிளம்பியபோது வழியிலேயே தலைப்பிள்ளையைப் பெற்று, அங்கேயே புதைத்துவிட்டு நடந்தவள். இந்தப் பிள்ளையாவது ஒரு கூரைக்குக் கீழே பிறக்கவேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

பாதிப் பொட்டலைக் கடந்தபோது ஆள்காட்டிக் குருவி ஒன்று குறுக்கே வந்து நின்றது.

"என் வீட்டுக்குள் கால் வைக்கிறாய், அக்கா."

"வீடா? நாலு கூழாங்கல் அல்லவா கிடக்கிறது?"

"அப்படித் தோன்றும்படி முட்டையிட்டதுதான் என் சாமர்த்தியம். அதுவே இப்போது வினையாகிவிட்டது."

"மரத்தில் கட்டியிருக்கலாமே."

"கிளையைப் பற்ற வராத கால் எனக்கு."

"சரி, தாண்டிப் போகிறேன்."

"நீ தாண்டுவாய். உன் பின்னால் வரும் மாடு தாண்டுமா?"

காயாம்பூ இடப்புறம் திரும்பி, கூட்டைச் சுற்றி நடந்தாள். திரும்பிய இடத்தில் குடம் தளும்பி, தோள் நனைந்தது.

முதற்கல்லருகே காத்தான் குடத்தை எட்டிப் பார்த்தார். நாலு விரற்கடை குறைந்திருந்தது.

"நேராக நட என்றால் வாய்க்கால் மாதிரி வளைந்து வருகிறாயே, தாயி."

அவள் குருவி சொன்னதைச் சொன்னாள்.

"நாலு முட்டைக்காகப் பதினோரு குடும்பம் நடுத்தெருவில் நிற்பதா?"

"பெற்றெடுக்கும் இடத்திலிருந்து கிளப்பிவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மாமா."

காத்தானின் மனைவி சடைச்சி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வாய் திறந்தாள்.

"தண்ணீர் எங்கே விழுந்தது? இந்த மண்ணில்தானே? வந்தவர்கள் நாம். மண்தான் வீட்டுக்காரி; அவளுக்கு ஒரு வாய் கொடுக்காமல் குடிப்பது எந்த ஊர் மரியாதை? மூட்டையை அவிழுங்கள். இன்னொரு ஊருக்கு நடக்க என் கால் வராது."

காத்தான் மனைவியைப் பார்த்தார். மருமகளின் வயிற்றைப் பார்த்தார். "அவிழுங்கள்" என்றார்.

ஊரார் கூட்டைச் சுற்றியே நடந்தார்கள். மாடுகளையும் சுற்றியே ஓட்டினார்கள். ஒரு மாதத்தில் குஞ்சுகள் பொரிந்து, அன்றே எழுந்து ஓடின. குருவி முதற்கல்லில் வந்து அமர்ந்து, "இனி ஒளிந்திருந்து உங்களைத் தவிக்கவிட மாட்டேன். ஆள் வரும்போதே குரல் கொடுப்பேன்" என்றது. புதுக் கூரைக்குள்ளிருந்து காயாம்பூவின் பச்சைக் குழந்தையின் அழுகை அதற்கு மறுமொழி கூறியது.

"இனி நேரே நடக்கலாம்" என்று காத்தான் அறிவித்தார். தாமே மூன்று நாள் நேரே நடந்தும் காட்டினார். நாலாம் நாள் அவர் கால் தானாகவே வளைவில் திரும்பியது.

அன்று முதல்தான் செங்கரட்டின் ஊற்றுத்தடம் ஒரு பாறையும் மரமும் இல்லாத வெறும் பொட்டலில் வளைந்து செல்கிறது. அங்கே மனிதக் காலடி கேட்டதுமே ஆள்காட்டிக் குருவி எழுந்து குரல் கொடுக்கிறது.