மேலாளர் எடுத்த நகல்

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் பூங்கோதையின் வேலை அன்று ஊசலாடிக்கொண்டிருந்தது. அழிக்க முடியாதபடி வாடிக்கையாளர் பூட்டி, மறைத்தும் வைத்திருந்த கோப்புகள் பூட்டுக் கழன்று அழிந்துபோயிருந்தன. பழி அவள் தலையில் விழுந்தது.

கோப்பின் குணங்களை எழுத்துகளாக்கி, அவற்றை மீண்டும் குணங்களாக்கும் 'சி' மொழி நிரலை எழுதியவரோ மேலாளர் நடனசபாபதி. பூட்டியதற்கு ஓர் எழுத்து, மறைத்ததற்கு ஓர் எழுத்து. அவற்றைத் திரும்பப் படிக்கையில், அடுத்த குணத்தை முந்தையதோடு சேர்க்காமல் முந்தையதன் மேலேயே எழுதும்படி செய்திருந்தார். அதனால் கடைசிக் குணம் மட்டுமே தப்பியது; பூட்டி மறைத்த கோப்பு மறைந்திருந்தது, பூட்டு போய்விட்டது. பூங்கோதை பலமுறை சொல்லியும் கேட்பாரில்லை.

"என் நிரல்லயா பிழை? நல்லா பாரும்மா!"

அனைவர் முன்னிலையிலும் அவர் தம் பதவி உயர்வு அறிக்கையைப் பூட்டி நிரலுக்குள் அனுப்பினார். அது பூட்டியபடியே திரும்பி வந்தது.

"ரொம்பச் சரிங்க சார். இப்ப அதையே மறைச்சும் வெச்சு அனுப்புங்க. வந்ததும் நான் அழிச்சுப் பார்க்கறேன். பூட்டியிருந்தா அழியாதுங்களே?"

நடனசபாபதியின் கை தயங்கியது. பிறகு மெல்லச் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தது.

"பிழையே இல்லாத நிரலுக்கு நகல் எதுக்குங்க சார்?"

அறை முழுதும் சிரித்தது. அவரும் சிரித்தார். மாலைக்குள் அவளைக் கொண்டே பிழையைத் திருத்தியும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அவளுடைய அடையாள அட்டைக்கு வாசற்கதவு திறக்கவில்லை.

"உங்க பேரை நேத்தே எடுத்துட்டாங்க, அம்மணி" என்றார் காவலாளி.

அந்தப் பூட்டில் மட்டும் பிழை எதுவும் இருக்கவில்லை.