இரண்டாயிரத்து நானூறு மரமும் நாற்பது துணியும்

கரட்டுப்புதூர்க்காரர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. சொன்னால் சொன்னபடி செய்கிற ஆட்கள் இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறார்கள்? கரட்டுப்புதூரில் நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் அப்படிப்பட்டவர்கள்தான். வில்லங்கமும் அதுதான்.

ஊருக்கு மேற்கே மலைச்சரிவில் ஒரு காடு. அந்தக் காட்டுச் சுள்ளியில்தான் நாற்பது அடுப்பும் எரிகிறது. ஒரு சித்திரை மாதம் வனவர் தாமோதரன் ஜீப்பில் வந்து இறங்கி, இனிமேல் காட்டை ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வனக்குழுவை ஏற்படுத்தினார். தலைவர் மொக்கச்சாமி. ஊரிலேயே பெரிய உடம்பு அவருக்குத்தான். தலைவர் பதவிக்கு அது போதும் என்று எல்லோருக்கும் பட்டது. அவருடைய மச்சினன் விருமாண்டி, எட்டாவது வரை படித்த சீனிப்பாண்டி, தினமும் விறகுக்குப் போகிற ஒச்சம்மா, இவர்கள் மூவரும் உறுப்பினர்கள்.

வனவர் விவரமாகத்தான் சொன்னார். காய்ந்த சுள்ளி பொறுக்கலாம், நெல்லிக்காய் பறிக்கலாம். பச்சை மரத்தில் கை வைக்கக் கூடாது. இப்போது காட்டில் இரண்டாயிரத்து நானூறு மரம் இருக்கிறது. ஆடி கழிந்து வந்து பார்க்கும்போது ஒன்று குறைந்திருந்தாலும் வேலி போட்டு அடைத்துவிடுவார். அப்புறம் ஒரு சுள்ளிகூடக் கிடையாது. ஆகவே இடையிலேயே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. மாதிரிக்கு ஒரு சிவப்புத் துணியும் கொடுத்தார்.

"எண்ணுன மரத்துல ஒரு துண்டுத் துணியக் கட்டிருங்க. கடைசியில துணிய மட்டும் எண்ணுங்க. வேற எதையும் பாக்காதீங்க, பாத்தா குழம்பிப் போவீங்க" என்றார்.

மறுநாளே துணியை நாற்பதாகக் கிழித்துக்கொண்டு நால்வரும் கிளம்பினார்கள்.

முதல் மரத்தடியிலேயே சிக்கல். பச்சை மரத்தில் கை வைக்காமல் துணியைக் கட்டுவது எப்படி? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விருமாண்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லால் முடிச்சுப் போட்டார். வேப்பமரம் வந்தபோது முகம் கோணினாரே தவிர, வாய் திறந்து ஒரு வார்த்தை முனகவில்லை. திறந்தால் துணி விழுந்துவிடும்.

நாற்பதாவது மரத்தோடு துணி தீர்ந்தது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒச்சம்மாதான் வழி கண்டுபிடித்தாள்.

"முதல்ல கட்டுன மரத்த எண்ணியாச்சுல்ல? எண்ணி முடிச்ச மரத்துக்கு இனி எதுக்குத் துணி? அத அவுத்துட்டு வந்து இங்க கட்டுங்கண்ணே."

இப்படி ஒரு மூளை விறகு பொறுக்கியே வீணாகிறதே என்று மொக்கச்சாமி வருத்தப்பட்டார். கீழே அவிழ்ப்பதும் மேலே கட்டுவதுமாக இருபது நாள் ஓடியது. மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது விருமாண்டிக்கு இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தது.

அப்புறம் சீனிப்பாண்டி, வனவர் சொன்னபடி துணியை மட்டும் எண்ணினார். நாற்பது. திரும்ப எண்ணினார். நாற்பது. மொக்கச்சாமி இடது பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தார். அப்போதும் நாற்பதுதான்.

"தலைவரே, ரெண்டாயிரத்து முன்னூத்தி அறுபது மரத்தக் காணோம்" என்றார் சீனிப்பாண்டி.

ஒச்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நாற்பது வீட்டிலும் பச்சரிசியை ஊறவைத்துத் தின்ன வேண்டியதுதான் என்று அழுதாள். மற்றவர்கள் திருடனைப் பற்றிப் பேசினார்கள். அத்தனை மரத்தையும் வேரோடு தூக்கிப் போனவன் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது. போகிறபோது குழியைக்கூட மூடிவிட்டுப் போயிருக்கிறான், கொஞ்சம் நாணயமானவன்தான் என்று தீர்மானமாயிற்று.

விருமாண்டி ஒரு மரத்தின் நிழலில் நின்று மேலே பார்த்தார்.

"அப்ப இது என்ன மாமா?"

"அதுல துணி இருக்கா?"

"இல்ல."

"அப்ப அதப் பாக்காத, குழம்பிப் போவ."

சீனிப்பாண்டிக்கு மட்டும் ஒரு பொறி தட்டியது. "ஒருத்தன் இத்தன மரத்தத் திருடுனா எங்க ஒளிச்சு வைப்பான்? வீட்டுக்குள்ள வைக்க முடியாது, தலை வெளிய தெரியும். மத்த மரத்துக்கு நடுவுலதான் நிறுத்தி வைக்கணும். காட்டுலதான் வச்சிருக்கான்."

நால்வரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான். சரிவு முழுக்கத் துணியில்லாத மரங்கள், ஒன்றும் தெரியாததுபோல நின்றுகொண்டிருந்தன.

கண்டுபிடித்தாயிற்று, அவன் மறுபடி தூக்கிப் போகாமல் இருக்க எல்லாவற்றிலும் துணி கட்டிவிட வேண்டும், இந்த முறை அவிழ்க்கவே கூடாது என்று மொக்கச்சாமி உத்தரவு போட்டார். அத்தனை துணிக்கு எங்கே போவது? ஊர் கொடுத்தது. வேட்டி, கைலி, தலையணை உறை, தொட்டில் சேலை எல்லாம் வந்தன. ஒச்சம்மா தன் கல்யாணக் கூறைப்புடவையையே கொண்டுவந்து கிழித்தாள். "அடுப்பு எரியலன்னா பட்டுச்சீலையக் கட்டிக்கிட்டு எங்க போறது?" என்றாள்.

ஆடி கழிந்தது. வனவர் வந்து இறங்கியபோது தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்கே எல்லோரும் என்று கேட்டார். நாற்பது கதவுக்குப் பின்னாலிருந்தும், "உள்ளதான் இருக்கோம் சார், வெளிய வர முடியல" என்று குரல் வந்தது. மரத்துக்குப் போக ஊரில் மிஞ்சியது மூன்றே துண்டு. அவற்றைக் கோவணமாகக் கட்டிக்கொண்டு மொக்கச்சாமியும் விருமாண்டியும் சீனிப்பாண்டியும் வணக்கம் சொன்னார்கள்.

வனவர் சரிவைப் பார்த்தார். காற்றில் மலை முழுக்கச் சேலையும் வேட்டியும் படபடத்தன. அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். போன தடவை பார்த்த மரம் அத்தனையும் அப்படியே நின்று அவர் பார்த்ததில்லை. பிறகு, எண்ணிச் சொல்லுங்கள் என்றார்.

மூவரும் போனார்கள். வேறு எதையும் பார்க்காமல் துணியை மட்டும், எங்கே கட்டியிருந்தாலும் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு இரண்டு நாள் கழித்து இறங்கினார்கள்.

"ரெண்டாயிரத்து நானூத்தி மூணு சார்" என்றார் சீனிப்பாண்டி.

வனவர் மூன்று பேரின் இடுப்பையும் வரிசையாகப் பார்த்தார். சுள்ளி பொறுக்க அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மொக்கச்சாமி பின்னாலேயே ஓடினார். "சார், கூட இருக்குற மூணையும் என்ன செய்ய?"

"அந்த மூணும் உங்க பாடு. என்னமும் செஞ்சுக்கங்க" என்றார் வனவர். ஜீப் போய்விட்டது.

கேட்டதும் ஒச்சம்மா கதவிடுக்கு வழியாகச் சொன்னாள்: "மழைக்கு முந்தி வெட்டிப் போட்டா விறகு காஞ்சிரும்ணே."

சரி என்று கோடாலியைத் தீட்டினார்கள். மூன்றில் எதை முதலில் வெட்டுவது என்று பேச்சு வந்தது. இருப்பதில் நல்லாப் பருத்தது எதுவோ அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார் விருமாண்டி. தலைவர் மொக்கச்சாமிக்கும் அதுதான் சரியென்று பட்டது.