அவிச்ச மணல்ல ஒரு மிதி

"மேடம், நம்ம பாத்திக்குள்ள திருடன் பூந்துட்டானுங்க."

"எதைத் தூக்கிட்டுப் போனான்?"

"எதையும் தூக்கலீங்க. வெச்சுட்டுப் போயிட்டான்."

சவுந்தரம் மேடம் ஊறுகாயைத் தொட்டு நாக்குல வெச்சாங்க. எதிர்ல டிபன் டப்பா. அதுல பாதி தயிர்சோறு.

"நல்ல திருடனா இருக்கானே. நம்ம வீட்டுக்கும் ஒரு நாள் வரச் சொல்லுங்க" அப்படின்னாங்க.

தெய்வசிகாமணி சிரிக்கல. அவரு சிரிச்சு மூணு வருஷமாச்சு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்து சரியா மூணு வருஷம்.

வயசு நாப்பத்தாறு. வேளாண்மை ஆபீசுல இருவது வருஷம் உரம் போடுங்க, உரம் போடுங்கன்னு ஊர் ஊராச் சொன்ன மனுஷன். திடீர்னு ஒரு நாள் மண்ணு மேல பரிதாபம் வந்து, லீவு போட்டுட்டு, உரமே வேண்டாத வெவசாயம் படிக்க வந்துட்டாரு. சொல்லிக் குடுக்கற மேடத்துக்கு வயசு முப்பத்தொம்போது. அந்தம்மா இவரைக் கூப்புடறது சார். இவரு அந்தம்மாவைக் கூப்புடறது மேடம். ஆரு குரு ஆரு சிஷ்யன்னு வாட்ச்மேனுக்கு இன்னும் தெரியாது.

தெய்வசிகாமணியோட நடை வாத்து நடை. ரெண்டு பாதமும் ஆளுக்கொரு ஊருக்குப் போற மாதிரி வெளிப்பக்கமா திரும்பியிருக்கும்.

"என்னத்த வெச்சான்?"

தெய்வசிகாமணி மேசை மேல ஒரு சோயா செடியைப் போட்டாரு. வேரோட.

வேர்ல உருண்டை உருண்டையா முடிச்சு. நகத்தால ஒண்ணைக் கிள்ளுனாரு. உள்ள செவப்பா இருந்துச்சு, ரத்தம் ஓடற மாதிரி.

"இது காலிப் பாத்திச் செடிங்க" அப்படின்னாரு.

வெவகாரம் இதுதான். தெய்வசிகாமணி ஒரு பாக்டீரியாவைக் கண்டுபுடிச்சு வெச்சிருந்தாரு. சோயா வேர்ல அது குடியேறி முடிச்சு கட்டும். அந்த முடிச்சுக்குள்ள உக்காந்துக்கிட்டு, காத்துல இருக்கற சத்தைப் புடிச்சு செடிக்கு ஊட்டும். யூரியா மூட்டைக்கு வேலையில்ல. மண்ணும் கெடாது.

அது நெசமான்னு காட்டத்தான் ரெண்டு பாத்தி. ஒண்ணுல, சோத்துக் கஞ்சியில பாக்டீரியாவைக் கொழைச்சு வெதைக்குப் பூசி, நெழல்ல ஒணத்தி வெதைச்சாச்சு. இன்னொண்ணுல வெறும் வெதை. அதுதான் காலிப் பாத்தி. அந்த ஊர்ல அதுக்கு முன்னால ஆரும் சோயாவே போட்டதில்ல. அதனால மண்ணுல அந்த பாக்டீரியா கெடையாது. காலிப் பாத்திச் செடி வேரு, சவரம் பண்ணுன மாதிரி வழுவழுன்னு இருக்கணும்.

இருந்தாத்தான் பட்டம். முடிச்சு இருந்தா, ரெண்டு பாத்தியும் ஒண்ணு. மூணு வருஷம் தண்ணியில போயிரும். செடி காய் புடிக்கிறப்போ கமிட்டி வரும். வந்து வேரைப் புடுங்கிப் பாத்துட்டு, வணக்கம்னு சொல்லிட்டுப் போயிரும்.

"ஆரு வெச்சது?"

"அதைத்தான் கண்டுபுடிக்கணுங்க."

"கண்டுபுடிங்க."

மேடம் டப்பாவைக் கழுவப் போயிட்டாங்க.

தெய்வசிகாமணி நோட்டைத் திருப்பிப் புடிச்சாரு. முன்பக்கத்துல இருந்து பாடம் எழுதுன நோட்டு. பின்பக்கத்துல இருந்து சந்தேகம் எழுத ஆரம்பிச்சாரு.

முதல் சந்தேகம், பழனாத்தாள். நெலம் அந்தம்மாவோடது. குத்தகைக்கு விட்டிருக்காங்க. ஆடு மேய்ச்சுக்கிட்டு வரப்புல நின்னாங்க.

"ஏனுங்கக்கா, இந்தக் காலிப் பாத்திக்குள்ள ஏதாச்சும் போட்டீங்களா?"

"நானா? என்ற ஆடே அதுக்குள்ள கால் வெக்காது ஆபீசரே. நீங்க கட்டுன வேலியைப் பாத்து அது கவருமெண்ட் ஆபீசுன்னு நெனச்சுக்கிச்சு. உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சுருவாங்கன்னு பயம்."

"வேற ஆரு போறாங்க?"

"காலங்காத்தால மொத ஆளா எறங்கறது உங்க மேடந்தான்."

தெய்வசிகாமணிக்கு நெஞ்சுல ஒரு எறும்பு ஏறுச்சு.

அடுத்த நாள் காலையில மோட்டார் ரூமுக்குப் பின்னால நின்னு பாத்தாரு.

மேடம் வந்தாங்க. செருப்பை ரோட்டோரமே கழட்டி வெச்சாங்க. பையில இருந்து ஒரு பாட்டிலை எடுத்தாங்க. கையில ஊத்தித் தேச்சாங்க. காலுலயும் ஊத்தித் தேச்சாங்க. நேரா காலிப் பாத்திக்குள்ள எறங்குனாங்க. குனிஞ்சு என்னமோ பண்ணுனாங்க. அப்பறம் பாக்டீரியாப் பாத்திக்குப் போனாங்க. அங்கிருந்து அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க. காலிப் பாத்திப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

நோட்டுல எழுதுனாரு. 'காலிப் பாத்திக்கு ஏன் மொதல்ல போகணும்? பாட்டில்ல என்ன? திரும்பிப் பாக்காதது ஏன்?'

மூணாவது கேள்விக்கு அடியில ரெண்டு கோடு.

காரணமும் கெடைச்சுருச்சு. மேடம் பதினாறு வருஷமா மாவட்டம் மாவட்டமா அலைஞ்சு, நாலாயிரம் வேரைப் புடுங்கி, ஒரே ஒரு பாக்டீரியாவைத் தேடிப் புடிச்சவங்க. கல்யாணம் ஆன மறுவாரமே மாமனார் காட்டுல துவரைச் செடியைப் புடுங்கிப் பாத்து சண்டையான கதை ஆபீஸ் முழுக்கத் தெரியும். இவரு மூணே வருஷத்துல அதைவிட ஒசத்தியா ஒண்ணைப் புடிச்சுட்டாரு. வயித்தெரிச்சல் இருக்காதா?

இருக்கும்னு முடிவு பண்ணிக்கிட்டாரு.

அன்னையில இருந்து காவல் ஆரம்பமாச்சு. ஒரு நாளைக்கு ஆறு தடவை போனாரு. மொதல்ல பாக்டீரியாப் பாத்தி. அது பெத்த புள்ளை மாதிரி. உள்ள எறங்கி, ஒவ்வொரு செடியா தடவிக் குடுத்து, களைக்கொத்தால மண்ணைக் கௌறி, முடிச்சை எண்ணிப் பாத்துட்டு, அப்படியே காலிப் பாத்திக்குள்ள போய் எவனாச்சும் வந்த தடம் தெரியுதான்னு மூலை மூலையா நடந்து பாப்பாரு. தடம் ஒண்ணும் தெரியல. எல்லாம் இவரு தடந்தான்.

மொத வாரம் ரெண்டு செடியில முடிச்சு. மறுவாரம் பதினொண்ணு. அதுக்கு மறுவாரம் எண்ணறதை விட்டுட்டாரு.

"காவல் போட்ட பொறவுதான் களவு சாஸ்தியாயிருக்குது" அப்படின்னாங்க பழனாத்தாள்.

'பேச்சை மாத்தறாங்க'ன்னு நோட்டுல எழுதிக்கிட்டாரு.

இதுக்கு நடுவுல அக்கா மகளோட கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. தாய்மாமன் பேரு இருக்கற எடத்துல, 'டாக்டர் தெய்வசிகாமணி'. மஞ்ச எழுத்துல மினுமினுன்னு. பட்டம் வர்றதுக்கு முன்னாலயே அச்சாபீசுல குடுத்துட்டாங்க.

அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கல. மறுநாள் நேரா மேடம் ரூமுக்குப் போயிட்டாரு.

"கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பாட்டில்ல என்னங்க?"

மேடம் மூடியைத் தொறந்து நீட்டுனாங்க. "மோந்து பாருங்க."

ஆஸ்பத்திரி வாசம் குப்புன்னு அடிச்சுது. ஸ்பிரிட்டு. ஊசி போடறப்போ பஞ்சுல தொட்டுத் தடவுவாங்களே, அதே.

வேற வாசத்தை மறைக்கறதுக்கு ஊத்தியிருப்பாங்களோன்னு தோணுச்சு அவருக்கு.

"மேடம்... நீங்கதானுங்களா?"

கேட்டுட்டாரு.

மேடம் கோவப்படல. அவரு மூஞ்சியைப் பாத்தாங்க. அப்பறம் மேசைக்கு அடியில குனிஞ்சு அவரு காலைப் பாத்தாங்க.

"நாளைக்கு வயலைச் சுத்திட்டு நேரா இங்க வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க."

மறுநாள் போனாரு. கண்ணாடிக் கூண்டு ஒண்ணு, வெயிலுக்கு சுண்ணாம்பு அடிச்சது. அதுக்குள்ள கட்டில் அகலத்துக்கு ஒரு தொட்டி. தொட்டி நெறைய மணல். மணலை இட்லி அவிக்கற மாதிரி ஆவியில அவிச்சு, ஆற வெச்சு, பரப்பியிருந்தாங்க. கழுவுன சோயா வெதையை உள்ள நெருக்கி ஊனியிருந்துச்சு.

"மிதிங்க."

"என்னதுங்க?"

"வலது கால். நடுவுல. ஒரே ஒரு மிதி."

தெய்வசிகாமணிக்கு வேர்த்துருச்சு. காலடி மண்ணை எடுத்து மை வெப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்காரு. பெரியப்பா மகனுக்கு அப்படித்தான் கை வெளங்காமப் போச்சுன்னு அவரு ஊர்ல இன்னைக்கும் பேசுவாங்க. ஆனா பி.எச்.டி. முடிச்ச பொம்பளை செய்வினை வெப்பாளா? வெக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா படிப்பு தடுக்குமா?

பத்திரிகையில இருந்த மஞ்ச எழுத்து கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

மிதிச்சாரு.

"முப்பத்தஞ்சு நாள் தொறக்கக் கூடாது" அப்படின்னாங்க மேடம்.

"பூட்டு நான் போடுவேனுங்க."

"போடுங்க."

"சாவி என்கிட்டத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்."

"தண்ணி?"

"வெளிய இருந்து குழாய் போகுது. அடியில ஊறும். நீங்களே காய்ச்சி ஆத்தி ஊத்துங்க. இந்தப் பொடியைக் கலந்துக்கங்க. யூரியாவைத் தவிர மத்த சத்தெல்லாம் இதுல இருக்குது."

சாவியை அரணாக்கயித்துல கட்டிக்கிட்டாரு. குளிக்கறப்பவும் கழட்டல. கூண்டோட இடுக்குல ஒரு தலைமயிரை ஒட்டி வெச்சு, அது அறுந்துதான்னு தெனமும் பாத்தாரு. அறுகல.

அந்த முப்பத்தஞ்சு நாளும் அவரு சும்மா இருக்கல. டைரக்டருக்கு ஒரு புகார் எழுதுனாரு. முந்நூறு தடவை அடிச்சு, முந்நூறு தடவை திருத்தி, கடைசியில நாலு பக்கம். சவுந்தரம் அம்மையார் பொறாமையின் காரணமாக என் காலிப் பாத்தியில் கலப்படம் செய்தார் அப்படின்னு ஆரம்பம். பாட்டில் வந்துச்சு, பழனாத்தாள் சாட்சி வந்துச்சு, கால் மிதிச்ச கதையும் வந்துச்சு. அது டைரக்டர் கைக்குப் போனா மேடத்தோட பதினாறு வருஷமும் விசாரணைக் கமிட்டி முன்னால கை கட்டி நிக்கும்.

நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. கூண்டைத் தொறந்ததும் நேரா டைரக்டர் ரூமு.

முப்பத்தஞ்சாம் நாள் வந்துச்சு.

மேடம் கையைப் பின்னால கட்டிக்கிட்டுத் தள்ளி நின்னாங்க. தெய்வசிகாமணி மயிரைப் பாத்தாரு. இருந்துச்சு. பூட்டைப் பாத்தாரு. ஒரு கீறல் இல்ல. தொறந்தாரு.

தொட்டி பூராவும் மஞ்சள். சோறு கெடைக்காத புள்ளைங்க மாதிரி, வெளுத்து, தலை தொங்கி, எல்லாச் செடியும் நின்னுச்சு.

நடுவுல மட்டும் கரும்பச்சை.

குதிகாலுக்குக் கொஞ்சம். இடுப்பு ஒடுங்கி, அப்பறம் அகலம். வெரல் பக்கம் வெளியில சாஞ்சு, வேற ஊருக்குப் போற மாதிரி.

தெய்வசிகாமணி குனிஞ்சு பச்சையில ஒண்ணைப் புடுங்குனாரு. வேரு பூராவும் முடிச்சு. மஞ்சள்ல ஒண்ணைப் புடுங்குனாரு. வழுவழுன்னு இருந்துச்சு.

நகத்தால முடிச்சைக் கிள்ளுனாரு. செவப்பு.



"பூட்டு ஆருதுங்க சார்?"

"என்னுதுங்க."

"சாவி?"

"என்கிட்டத்தானுங்க இருந்துச்சு."

"ஒரே ஒரு மிதிக்கு இம்புட்டுப் பச்சை. உங்க பாக்டீரியா நல்ல பாக்டீரியா சார். என்னோடது செருப்புல இவ்வளவு தூரம் வராது, வழியிலயே செத்துரும்."

தெய்வசிகாமணிக்குக் கண்ணு கலங்கிருச்சு. கோவமா, வெக்கமா, சந்தோசமான்னு அவருக்கே தெரியல.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே மேடம்."

"மொத நாளே சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டீங்க."

நோட்டை எடுத்தாரு. மூணு வருஷத்துக்கு அப்பறம் முன்பக்கமாத் தொறந்தாரு. முதல் பக்கம், முதல் வரி, அவரோட அழகான கையெழுத்து. 'முதலில் காலிப் பாத்தி. பிறகு பாக்டீரியாப் பாத்தி. திரும்பி வரக் கூடாது.'

அடியில ஒரு கோடு கூட இல்ல.

"கமிட்டிக்கு என்னங்க சொல்றது?"

"வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அடுத்த போகம் மறுபடி வெதைக்கலாம். லீவு நீட்டிக்கறதுக்கு நேத்தே கையெழுத்துப் போட்டு டைரக்டருக்கு அனுப்பிட்டேன்."

"பத்திரிகையில டாக்டர்னு போட்டுட்டாங்க மேடம்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஊசி போடக் கூப்புட்டா, தலை சுத்துதுன்னு சொல்லிருங்க."

பழனாத்தாள் காட்டுப் பக்கம் ஆடு கத்துச்சு. மேடம் பையில இருந்து பாட்டிலை எடுத்தாங்க. நீட்டுனாங்க.

தெய்வசிகாமணி வாங்கல. குனிஞ்சு மொதல்ல செருப்பைக் கழட்டுனாரு. அடியில மண்ணு ஒரு வெரக்கடை அப்பியிருந்துச்சு. அதைக் கையில ஏந்திக்கிட்டு, எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னாரு.

"கீழ வெக்காதீங்க, சிந்தும்" அப்படின்னாங்க மேடம். "சுத்தறதுக்கு ஏதாச்சும் பேப்பர் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

சட்டைப் பையில கையை விட்டாரு.

நாலு பக்கம். ரெண்டு செருப்புக்கும் சரியா இருந்துச்சு.